இல்லை என்று சொல்லப் பழகிய வருடம்

பரீட்சை மண்டபத்துக் கதவு கனமானது. என் மனைவி அதைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நான் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஜாக்கெட்டின் கழுத்தை உயர்த்திவிட்டுக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இருந்தது. வீதியைக் கடந்து வந்து மூச்சு விடாமல் சொன்னாள். "நல்லா முடிஞ்சுது. மூண்டுபேர் இருந்தவை. நான் சொன்னதுக்கு நடுவில இருந்தவர் அப்பிடியில்லை எண்டார். ஓம், நீங்கள் சொல்லுறதுதான் சரி எண்டு சொன்னனான். பக்கத்தில இருந்த மனுசியும் ஏதோ மாறிச் சொன்னா. அதுக்கும் ஓம் எண்டனான். நன்றி சொல்லி, கதிரையைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளிவிட்டிட்டு வந்தனான்." எனக்கும் நல்லது என்றுதான் பட்டது. பெரிய மனிதர் முன்னால் மரியாதையாக நடந்திருக்கிறாள், எதிர்த்துக் கதைக்கவில்லை, கதிரையைக்கூட இருந்தபடி விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இதைவிட ஒரு பிள்ளை என்ன செய்யவேண்டும்? பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்கு வந்து வடையும் தேத்தண்ணியும் எடுத்தோம். அன்றைக்கு இரண்டு பேரும் சந்தோசமாகத்தான் வீட்டுக்குப் போனோம்.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. அவள் பெயர் இல்லை. எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. விழுந்தது அந்த வாய்மொழிப் பரீட்சையில். அவள் போய் விசாரித்தபோது, பரீட்சைக்குப் படிப்பிக்கிறவர் ஒருவர் விளங்கப்படுத்தினார். நடுவர்கள் வேண்டுமென்றே மறுத்துக் கேட்பார்களாம். மறுத்தால் நின்று பதில் சொல்லவேண்டுமாம். "நாளைக்கு உங்களை நம்பி வந்தவருக்காக நீதிபதிக்கு முன்னால் நிற்கப்போகிறீர்கள். நீதிபதி ஒரு சொல் சொன்னதும் ஆமென்றால், வந்தவர் எங்கே போவார்?" என்று கேட்டாராம். எங்களை வளர்த்தவர்கள் எல்லாரும் சொன்னது, பெரியாக்கள் கதைக்கும்போது வாயைப் பொத்து என்பதுதான். அதைச் சரியாகச் செய்ததற்கு அவளைப் பரீட்சையில் விழுத்திவிட்டார்கள்.

அது சட்டத்தரணிகளின் கல்லூரிக்குள் நுழைகிற பரீட்சை. பிரான்சில் அதை மூன்று தரம்தான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் கதவு சாத்தினது சாத்தினதுதான். அவள் முதல்தரம் எழுத்தில் விழுந்தாள், இரண்டாம்தரம் வாயில் விழுந்தாள். இனி ஒன்று மிச்சம்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். இஞ்சை வந்து பாத்திரம் கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, இப்போது ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் சமைக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை எங்களுக்கு ஓய்வு விடுவார்கள். கூப்பூர் என்பார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு வெளியே வந்தால் ஆறுக்குத் திரும்பப் போகவேண்டும். கிட்டடியில், மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீடு என்றபடியால் நான் அந்த நேரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவளுக்கு ஒரு கந்தோரில் காலை மட்டும் வேலை. ஆகவே எங்கள் குடும்ப வாழ்க்கை முழுக்க அந்த மூன்று மணிநேரத்துக்குள்தான் நடந்தது. அவள் படிக்கிறதும், நான் சோறு சாப்பிடுகிறதும், கதைக்கிறதும், கோபிக்கிறதும்.

அவளுடைய பள்ளிக்கூடப் புள்ளிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், பிறகு அதுதான் எல்லாரும் பிடித்துக்கொண்ட கதை. அவள் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான பக் எழுதியது 2009 ஆனியில். அந்த வருடம் மாசியிலிருந்து வைகாசிவரை எங்கள் ஆட்கள் எல்லாரும் ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாரிஸ் வீதிகளில் நின்றோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பையோடு வந்து நின்றார்கள். வீட்டுக்குப் போனால் தொலைபேசி அடிக்கும், அல்லது அடிக்காது. இரண்டும் ஒரே பயம்தான். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன், அவளும் நின்றாள். ஒருவரை ஒருவர் தெரியாது. வைகாசியில் எல்லாம் முடிந்தது. ஆனியில் போய்ப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுதினாள். முதலில் தவறி, இரண்டாம்முறை கேட்ட கேள்விகளில் மட்டுமட்டாகத் தேறினாள். 'பஸ்ஸாபிள்' என்று போட்டிருந்தது, அதாவது போகலாம், பரவாயில்லை என்கிற அளவு. சட்டம் படிக்க அந்த நாளில் பக் இருந்தால் போதும், யாரும் சேரலாம். சேர்ந்தாள். முதல் வருடம் தவறித் திரும்பப் படித்தாள். இடையில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. படிப்பை விடட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் நான் அதைப் பற்றிக் கதைத்தது. சட்டத்தில் மூன்று வருடப் படிப்பும், மாஸ்டரில் முதல் வருடமும் முடித்துவிட்டுத்தான் அந்த இரண்டுதரமும் பரீட்சைக்குப் போனாள். அந்த நேரம் மாஸ்டரின் முதல் வருடம் இருந்தாலே போதும். இரண்டாம் வருடம் செய்யவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கேள்வி அப்போதுதான் வந்தது. மிச்சமிருக்கிற ஒரு வாய்ப்பையும் உடனே எடுக்கிறதா, அல்லது ஒரு வருடம் தள்ளிவைத்து மாஸ்டரின் இரண்டாம் வருடத்தையும் படித்து முடித்துவிட்டுப் போகிறதா? பள்ளிக்கூடத்தில் புள்ளி குறைந்த பிள்ளைக்கு அந்த மாஸ்டர் உதவுமா? ஊரெல்லாம் பதில் வைத்திருந்தது. லாச்சப்பலில் என் அண்ணைக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அவருக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. தராசில் வாழைக்காயை வைத்துக்கொண்டே சொன்னார். "தம்பி, எங்கட ஊரில எண்டா சட்டத்துக்குப் போக என்ன ரிசல்ட் வேணும் தெரியுமே? இஞ்சை கதவைத் திறந்து விட்டவங்கள், அவ உள்ளுக்குப் போட்டா. போனது காணும். பக்கிலயே தட்டித் தடவினவ. மாஸ்டர் செய்து என்ன, டொக்டர் செய்து என்ன? ஒரு வேலையைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லு." நான் மல்லித்தூள் பொதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் அன்றைக்கு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள். "நீங்கள் சொல்லுங்கோ," என்றாள். "எனக்கு உந்தப் படிப்பு விளங்காது," என்றேன். "விளங்கவேண்டாம். சொல்லுங்கோ." நான் யோசித்தேன். சமையலறையில் ஒரு சோஸ் திரிந்துபோனால், அதே நெருப்பில் அதே சட்டியில் திரும்பச் செய்தால் திரும்பவும் திரியும். ஏதாவது ஒன்றை மாற்றவேண்டும். அதைத்தான் சொன்னேன். "எழுதுறது உமக்கு வந்திட்டுது. கதைக்கிறதுதான் வரேல்லை. அதைச் சொல்லிக் குடுக்கிற இடம் எங்கையோ அங்கை போம்."

அந்த இரண்டாம் வருடத்துக்குச் சும்மா சேர்க்கமாட்டார்கள். ஆளைத் தெரிந்தெடுப்பார்கள். விண்ணப்பத்தோடு பக் புள்ளியையும் கேட்பார்கள். பல இடங்கள் இல்லை என்றன. சில இடங்கள் பதிலே போடவில்லை. நகரத்துக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகம் நேரில் வரச்சொன்னது. அங்கே ஒரு பேராசிரியை, தலை நரைத்தவர், கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிறகு பிறகு நன்றாகச் செய்திருக்கிறீர்கள், பக்கில் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டாராம். அவள் சொன்னாள், "அந்த வசந்த காலம் நான் வீதியில் நின்றேன், மடாம்." அவர் வருடத்தைப் பார்த்தார், அவளுடைய பெயரைப் பார்த்தார், கோப்பை மூடினார். அவளை எடுத்தார்கள்.

வகுப்பில் கொஞ்சப் பேர்தான். ஒரு நீள மேசையைச் சுற்றி இருப்பார்களாம். அந்தப் பேராசிரியை ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்ப்பாராம். மற்றப் பிள்ளைகள் பாய்ந்து விழுந்து வாதாடுவார்கள். இவள் குனிந்து எழுதுவாள். ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "இண்டைக்கு என்னைப் பாத்துக் கேட்டுப்போட்டா. மத்மசெல், வகுப்புத் தொடங்கினதிலயிருந்து நான் பிழைபிழையாச் சொல்லிக்கொண்டிருக்கிறன், நீங்கள் ஒண்டும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறியள் எண்டு."

"பிழை எண்டு உமக்குத் தெரியாதோ?" என்றேன்.

"தெரியும்."

"பேந்து ஏன் எழுதினனீர்?"

"அவ சொல்லுறா. பெரிய ஆள். எழுதினனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள். வாசலில் நின்றபடியே கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதுகிறதைக் குறைத்தாள். பிழையாக ஒன்று கேட்டால் பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்துவாளாம். முதலில் அவ்வளவுதான். வாய் திறக்கப் பிறகும் மாதங்கள் எடுத்தன. வகுப்பில் மட்டும் திறந்தால் காணாது, அது உடம்பில் ஊறவேண்டும் என்று சொல்லுவாள்.

ஊறினது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரான்சியில் அண்ணை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அண்ணை தன் பழைய வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் சுவரில் ஆணி அடிக்கிறார்களோ என்று பார்க்க, நினைத்த நேரம் தன் திறப்பால் திறந்துகொண்டு போய் வருவதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இல்லை, அத்தான்," என்றாள் என் மனைவி.

அண்ணியின் கையில் சொதிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. அண்ணை திரும்பினார். "என்ன?"

"இல்லை எண்டு சொன்னனான். வீடு உங்கட. திறப்பும் உங்கட. வாடகைக்குக் குடுத்தாப்பிறகு உள்ளுக்குப் போறதெண்டா அவையைக் கேக்கவேணும்."

"என்ர வீட்டுக்குப் போக நான் ஆரிட்டக் கேக்கவேணும்?"

"அதில இருக்கிறவையிட்ட. கேளாமல் போனியள் எண்டா அது குற்றம், அத்தான். அவை பொலிசுக்குப் போகலாம்."

குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. அண்ணை அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார். "தம்பி, உன்ர மனுசி என்ன கதைக்கிறா?"

"சட்டம் கதைக்கிறா," என்றேன்.

"நீ ஒண்டும் சொல்லமாட்டியோ?"

"சொல்லுறன். அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."

திரும்பி வருகிற வழியில் ரயிலில் அவள் என் பக்கம் திரும்பினாள். "பிழை செய்துபோட்டனோ?" என்றாள். "சட்டம் பிழையோ?" என்றேன். "இல்லை." "அப்ப சரி." அண்ணை சில கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மீன் வாங்கப் போனால் மீனை மட்டும் தந்தார். பிறகு ஒருநாள் தானாகவே கடை வாசலில் என்னைக் கூப்பிட்டார். யாரிடமோ விசாரித்திருக்கவேண்டும். "அவ சொன்னது சரிதானாம். சரி விடு. அவவுக்கு எதிர்த்துக் கதைக்கிறதுக்கு ஒரு ஆள் தேவையாமே? என்னட்ட அனுப்பு. பிழையாக் கதைக்கிறதுக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை."

அப்படித்தான் அந்தக் கோடை முழுக்க அண்ணையின் கடை பரீட்சை மண்டபம் ஆனது. பின்னேரம் சனம் குறைந்த நேரம் அவள் போவாள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று ஒரு விசயத்தைப் பிரெஞ்சில் சொல்லுவாள். பிறகு அதையே தமிழில் சுருக்கிச் சொல்லுவாள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து அண்ணை மறுப்பார். வேலை நிறுத்தம் செய்கிறவர்களை ஏன் வேலையால் நிற்பாட்டக்கூடாது, களவெடுத்தவனுக்கு ஏன் சட்டத்தரணி, பொலிஸ் ஏன் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வரவேண்டும். வாங்க வந்த சனமும் சேர்ந்துகொள்ளும். முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டிருந்த ஒரு அம்மா, "பிள்ளை, என்ர பையைப் பறிச்சவனுக்கும் நீ கதைப்பியோ?" என்று கேட்டார். "கதைப்பன், அம்மா." "அப்ப எனக்கு?" "உங்களுக்கு வேற ஒராள் கதைப்பார்." "அவனுக்குக் கெட்டிக்காரி, எனக்கு வேற ஆளோ? நல்ல நியாயம்!" கடை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நின்று, ஏன் களவெடுத்தவனுக்கும் ஒருவர் வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு விளங்குகிற தமிழில் சொல்லி முடித்தாள். அம்மா முழுக்கக் கேட்டார். "நீ சொல்லுறது எனக்குப் பிடிக்கேல்லை. ஆனா வடிவாச் சொன்னாய்," என்றார். நான் கதவடியில் நின்று பார்த்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. இருந்தும் நின்றேன்.

மூன்றாம்தரம். எழுத்துத் தாளில் பெயர் இல்லை, இலக்கம்தான். பக்கில் என்ன எடுத்தாய், மாஸ்டர் செய்தாயா என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. அதில் தேறினாள். வாய்மொழிக்கு அழைத்தார்கள். அன்றைக்கு எனக்குக் கூப்பூர் நேரம்தான் ஒத்துவந்தது. ஓடிப்போய் நின்றேன். வெளியே வந்தவளின் முகம் சிவந்திருந்தது. சிரிப்பு இல்லை.

"எப்பிடி?"

"சண்டை பிடிச்சிட்டு வந்திருக்கிறன்."

"ஆரோட?"

"மூண்டுபேரோடயும்."

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அறிவு இதுதான் சரி என்றது, வளர்ப்பு இது கூடாது என்றது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவளை மெட்ரோவில் ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடினேன். முடிவு வந்த அன்று நான் அடுப்பில் நின்றேன். கைத்தொலைபேசியில் ஒரு சொல் மட்டும் அனுப்பியிருந்தாள். 'தேறிட்டன்.' நான் தொலைபேசியைப் பொக்கெற்றில் வைத்துவிட்டு வெங்காயம் வதக்கினேன். தலைமைச் சமையல்காரர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். சிரித்தது எனக்குத் தெரியாது. "மனைவி அவோகா," என்றேன், சட்டத்தரணி என்று. இன்னும் கல்லூரி இருக்கிறது, சட்டத்தரணியாகச் சத்தியம் செய்ய வருடங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இருந்தும் அப்படித்தான் சொன்னேன். அவர் தன் தொப்பியைக் கழற்றினார்.

இப்போது லாச்சப்பலில் என்னை மறித்து அப்பாமார் கேட்கிறார்கள். "என்ர மகளுக்குப் பக்கில புள்ளி காணாது, அவோகாவுக்குப் படிக்கவேணும் எண்டுறாள். மாஸ்டர் செய்தா உதவுமோ, தம்பி?" எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லுகிறேன். மாஸ்டர் பழைய புள்ளியை அழிக்காது. அவள் கல்லூரியில் இருந்தபடி பயிற்சிக்கு இடம் தேடியபோது ஒரு பெரிய அலுவலகம் பக் புள்ளியைக் கேட்டது. கொடுத்தாள், பதில் வரவில்லை. அவளோடு அந்த நீள மேசையில் இருந்து மாஸ்டர் முடித்த பிள்ளைகளிலும் பரீட்சையில் தவறினவர்கள் உண்டு. இப்போது சட்டம் மாறி, முழு மாஸ்டர் இல்லாமல் அந்தப் பரீட்சைக்கே போகமுடியாது என்று மனைவி சொல்லுகிறாள். ஆகவே செய்யத்தான் வேண்டும். ஆனால் உங்கள் பிள்ளைக்கு எது வரவில்லை என்று முதலில் பாருங்கள், அதைத் தருகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள், பள்ளிக்கூடத்துப் புள்ளியை நினைத்துத் தலையைக் கவிழ்க்கவேண்டாம். இவ்வளவும் சொல்ல எனக்கு நேரம் எடுக்கும். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அவர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

போன மாரியில் ஒருநாள் அவள் வழக்கு ஒன்றைப் பார்க்கப் போனேன். அவள் சத்தியம் செய்த பிறகு நான் நீதிமன்றத்துக்குள் போனது அதுதான் முதல்தரம். ஓல்னேயில் இருக்கிற எங்கள் ஆள் ஒருவரை வீட்டை விட்டு எழுப்பப் பார்க்கிறார்கள். சமையலறை உடுப்பை மாற்றிக்கொண்டு போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். கையில் வெங்காய மணம் போகவில்லை. பக்கத்தில் அந்த ஆளின் வயதான தாய். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, மாலையைப் பிடித்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் உயரத்தில் நீதிபதி, என் மனைவியைவிட எவ்வளவோ வயது கூடிய பெண். அவர் கோப்பைப் பார்த்தபடி, வீட்டுப் பழுதுகளை வீட்டுக்காரருக்கு அறிவித்ததற்கு ஆதாரம் ஒன்றும் இதில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

என் மனைவி எழுந்தாள். உடனே பேசவில்லை. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். அதற்குள் என்ன நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும். வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நோன், மடாம் லா பிரெசிதாந்," என்றாள். ஆதாரம் இருக்கிறது, இணைப்பில் கடைசித் தாள் என்றாள். குரல் நடுங்கவில்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தாள்களைத் திருப்பிப் புரட்டினார். ஒன்றை எடுத்து வாசித்தார். தலையை ஆட்டினார். எழுதினார்.

தாய் என் கையைச் சுரண்டினார். "தம்பி, எங்கட பிள்ளை என்னவாம் சொன்னவ?"

"இல்லை எண்டு சொன்னவ, அம்மா."

"ஐயோ! நீதவானுக்கோ?"

"ஓம்," என்றேன். "நீதவானுக்குத்தான்."